இல்லாத மகளின் பேர்

பார்லர் அக்காவுக்கு வயது நாற்பத்தொன்று. அவளுக்கு இல்லாத மகளுக்கு ஒன்பது.

வாய் வலித்துத்தான் அந்த மகள் பிறந்தாள். முடிவெட்ட வந்து உட்காரும் பெண்களின் இரண்டாவது கேள்வி, "குழந்தைங்க?" இல்லை என்றால், கத்தரியைக் கீழே வைக்கும்வரை டாக்டர் முகவரியும் ஆறுதலும்தான். ஒருநாள் அலுத்துப்போய், "ஒரு பொண்ணு" என்றுவிட்டாள்.

"பேரு?"

எதிர் அலமாரியில் எண்ணெய், ஷாம்பு புட்டிகள். ஒன்றின் பேரிலிருந்து தலையை எடுத்தாள், இன்னொன்றின் பேரிலிருந்து வாலை. "மிலேஷா."

பேர் பிடித்துக்கொண்டது. "சொல்லும்போதே வாயில வழுக்குதே", "ஒரே வகுப்புல ரெண்டு பேருக்கு இருக்காது" என்று ஆளாளுக்கு மெச்சினார்கள். மிலேஷாவும் கேட்பவர்களுக்கு ஏற்ப வளர்ந்தாள். பல் விழுந்தது, விடுதியில் சேர்ந்தாள்.

இப்போது மருந்துக்கடைக்காரி கைக்குழந்தையோடும் மாமியாரோடும் வந்து நிற்கிறாள். "அக்கா, உங்க பொண்ணு பேரத்தான் வைக்கப்போறோம். நாளைக்குப் பதிவு."

"அடுத்த வீட்டுப் பேரு," என்றார் மாமியார். "அது எப்படி வளர்ந்திருக்குன்னு பார்த்துட்டுத்தான் சரின்னு சொல்லுவேன். லீவு விட்டாச்சே, மாடியில உங்க வீட்டுலதானே இருப்பா?"

அக்கா வாரிய இடத்தையே மறுபடி வாரினாள். நாற்காலியில் இருந்தவளுக்கு ஒரு பக்கம்தான் வெட்டியிருந்தது. விட்டு ஓடவும் முடியாது. அத்தை வீடு, அம்மை, சுற்றுலா என்று சாக்குகள் வரிசையாக நினைவுக்கு வந்தன. எல்லாம் ஏற்கெனவே செலவானவை. மாமியார் மாடிப்படியில் கால் வைத்துவிட்டார்.

"எனக்குப் பொண்ணே இல்லம்மா."

மருந்துக்கடைக்காரியின் முகம் சிறுத்துப்போனது. "போன மாசம் அவளுக்கு இருமல், ஹாஸ்டலுக்கு அனுப்பணும்னு மருந்து வாங்கினீங்களே?"

"நான்தான் குடிச்சேன்."

"பிள்ளைங்க மருந்தையா?"

"இனிப்பாத்தான் இருந்துச்சு."

அவள் சிரிக்கவில்லை. மாமியார்தான் படியிறங்கி வந்தார். "அப்போ இந்தப் பேர இதுவரைக்கும் யாருக்குமே வைக்கலையா?"

"இல்லம்மா."

"இதை முதல்லயே சொல்றதுக்கென்ன? யாரோ போட்டுக் கழிச்ச பேரோன்னுதானே முரண்டு புடிச்சேன்."

மருந்துக்கடைக்காரி குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு போனாள். அக்கா மீதிப் பக்கத்தை வெட்டினாள்.

மறுநாள் மிலேஷா என்றே பதிவானது. அதைச் சொல்ல மாமியார்தான் போன் செய்தார். போனை வைப்பதற்குள் அடுத்த ஆள் நாற்காலியில் உட்கார்ந்து கேட்டாள்: "மிலேஷா லீவுக்கு வந்துட்டாளா அக்கா?"