கழுவியும் போகாத வாசம்

நான் ரத்தோட்டைக்கு மேல ஒரு தேயிலைத் தோட்டத்துல கொழுந்து பறிக்கிறவள். என் வீட்டுக்காரரோட தங்கச்சி செல்வி மாத்தளையில அழகு சாமான் கடையில வேலை செய்யுது. தீபாவளிக்கு வந்தப்ப விலை கூடின கிரீமும், அதை மூஞ்சியில தேய்க்கிற சின்ன மெஷினும் கொண்டாந்துச்சு.

“ஒரு வாரம் பூசிப் பாருங்க மதினி, புடிச்சா வாங்குங்க. மெஷினால தேச்சா கழுவினாலும் போகாது.”

கொழுந்து பறிக்க மலைக்குப் போகும்போது நாங்க பூ, சென்ட் வைக்க மாட்டோம். வாசத்துக்குக் குளவி வரும். எங்க தோட்டத்துலயே குளவி கொட்டி ஒருத்தர் செத்திருக்கார். ஆனா கிரீமும் வாசந்தான்னு எனக்குத் தோணல. தேச்சுட்டுப் போனேன்.

பக்கத்துல பறிச்ச மேரி அக்கா சிரிச்சா. “ஏண்டி, மலைக்கு வந்தியா, கல்யாணத்துக்கு வந்தியா?”

கொஞ்ச நேரத்துல பனி மூடுச்சு. ஒரு குளவி என் கன்னத்துல உக்காந்துச்சு. கொட்டல, மெதுவா நடந்துச்சு. இன்னொன்னு நெத்தியில.

“அசையாத புள்ள.” பனிக்குள்ள அக்கா குரல் மட்டும் வந்துச்சு.

மூச்சை அடக்கி நின்னேன். ரெண்டும் பறந்ததும் ஓடைக்குப் போய் மண்ணு போட்டுத் தேச்சுக் கழுவினேன். நிமிர்ந்தா, மூஞ்சிக்கு நேரா ஒரு இரைச்சல். கண்ணுக்கு ஒண்ணும் தெரியல. இடுப்புல கட்டியிருந்த சாக்கை அவுத்து முகத்தை மூடிட்டு நடந்தேன். அந்த இரைச்சல் நாங்க குடியிருக்கிற லயத்து வாசல் வரைக்கும் கூடவே வந்துச்சு.

மெஷினையும் கிரீமையும் செல்விகிட்டயே குடுத்துட்டேன். இப்ப எதை வாங்கினாலும், இதோட மலைக்குப் போகலாமான்னு முதல்ல யோசிக்கிறேன். வேலைக்குப் போற நாள்ல வெறும் தண்ணிதான். அப்பவும் பனி மூடினா, கன்னத்தைத் தொட்டுப் பாத்துக்கிறேன்.