பிள்ளை பார்க்கும் அக்காவின் வரி எண்

அந்த நாட்களில் பிஜியை விட்டுப் போகிறவர் யாரும் போவதாகச் சொல்வதில்லை. ராணுவம் ஆட்சியைப் பிடித்த பிறகு அதுவே வழக்கமாகிவிட்டது. வெள்ளிக்கிழமை கடைத்தெருவில் பார்த்தவர் திங்கட்கிழமை சிட்னியில் இருப்பார். சொன்னால் தடுத்துவிடுவார்கள் என்று பயம். யார் தடுப்பார்கள் என்று கேட்டால் யாருக்கும் தெரியாது. நான் என் அண்ணனிடம்கூடச் சொல்லவில்லை.

ஆனால் வரி அலுவலகத்துக்குச் சொல்லாமல் விமானம் ஏற முடியாது. வரி பாக்கி இல்லை என்று அவர்கள் கடிதம் தர வேண்டும். அதற்கான படிவத்தில், மகளைப் பகலில் பார்த்துக்கொள்ளும் ஒரு பக்கத்து வீட்டு அம்மாவுக்குக் கொடுக்கும் பணத்தையும் வாத்தியார் புத்தியோடு குறித்துவைத்தேன். யாரும் கேட்கவில்லை. அலுவலர் படிவத்தில் அந்த இடத்தைப் பேனாவால் தட்டினார். அந்த அம்மாவின் வரி எண்ணும் கையெழுத்தும் வந்தால்தான் கடிதம் என்றார். கேட்காததை ஏன் எழுதினீர்கள் என்று என் மனைவி அன்று முழுவதும் கேட்டுக்கொண்டே இருந்தாள்.

நசியாவில் எங்கள் தெருக்கோடி வீடு அந்த அம்மாவுடையது. மெதடிஸ்ட் சபையைச் சேர்ந்த விதவை. என்னைவிட மூத்தவர் என்பதால் எனக்கு அக்கா. முன்பு அவர் பார்த்துக்கொள்ள எட்டுப் பிள்ளைகள் இருந்தார்கள், இப்போது என் மகளோடு சேர்த்து நாலு. சைக்கிளில் போகும்போதே பொய்யைத் தயார் செய்துகொண்டேன்.

"அக்கா, ஸ்கூல்ல ஏதோ ஃபாரம் கேக்குறாங்க. உங்க டேக்ஸ் நம்பர் வேணுமாம். சும்மாதான்."

ஒரு குழந்தைக்குக் கிழங்கு ஊட்டிக்கொண்டிருந்த அக்கா நிமிரவில்லை.

"ஆஸ்திரேலியாவா, கனடாவா?"

நான் வாயைப் பிளந்துகொண்டு நின்றேன்.

"அச்சா, வாய மூடுங்க மாஸ்டர், ஈ பூந்துரும். இந்த நம்பர் கேட்டு வந்த அஞ்சாவது ஆளு நீங்க. பேங்க்காரரு லோனுக்குன்னாரு. நர்சம்மா ஏதோ சர்வேன்னாங்க. இவ்வளவு படிச்சிருக்கீங்க, ஒரு பொய்ய ஒழுங்கா சொல்லத் தெரியாதா?"

உள்ளே போய் ஒரு கட்டுத் தாளோடு வந்தார். ஒவ்வொரு தாளிலும் அவர் பெயர், வரி எண், கையெழுத்து. பிள்ளையின் பெயருக்கும் தேதிகளுக்கும் மட்டும் இடம் விட்டிருந்தது. ஒவ்வொருவருக்கும் எழுதிக் கை வலித்ததால், சபையில் யாரையோ பிடித்து டைப் அடித்து வைத்துக்கொண்டாராம். நான் கையை நீட்டினேன். அவர் தாளைப் பின்னால் இழுத்துக்கொண்டார்.

"எந்தத் தேதியிலேருந்து, எந்தத் தேதி வரைக்கும்னு இதுல இருக்கு. அந்தக் கடைசித் தேதிய சொல்லுங்க."

"அது இன்னும் முடிவாகலக்கா..."

"எனக்குத் தெரியணும் மாஸ்டர். முன்னாடி வந்த நாலு பேரும் வெள்ளிக்கிழம பிள்ளைய தூக்கிட்டுப் போனாங்க, திங்கக்கிழம வரல. மிச்சப் பிள்ளைங்க வாசக் கேட்ட புடிச்சுகிட்டு நிக்குதுங்க. காய்ச்சல்னு எத்தன நாளைக்கி நான் சொல்றது?"

இதைச் சொல்லும்போது மட்டும் அவர் சிரிக்கவில்லை. நான் தெருவை இரு பக்கமும் பார்த்துவிட்டு, தேதியை முணுமுணுத்தேன்.

"கொஞ்சம் சத்தமா. இங்க இருக்கிற ராணுவத்துல ஒருத்தருக்கும் அஞ்சு வயசு ஆகல."

சத்தமாகச் சொன்னேன். வீட்டுக்கு வெளியே அந்தத் தேதியை நான் சொன்னது அதுதான் முதல் தடவை. இன்றும் ஏதாவது படிவத்தில் தேதி கேட்டால் என் குரல் தானாகத் தணிந்துவிடுகிறது. அக்கா எழுதி, மையை ஊதிக் காயவைத்து, தாளை நீட்டினார்.

"அன்னிக்கி சாயந்தரம் வரைக்கும் பிள்ள இங்க இருக்கணும். லோலி முட்டாய் வாங்கிட்டு வாங்க, எல்லாருக்கும்."

அலுவலர் தாளைப் படிக்காமலே முத்திரை குத்திக் கடிதம் கொடுத்தார்.

கடைசி நாளான வெள்ளிக்கிழமை மாலை மிட்டாய்ப் பொட்டலத்தோடு போனேன். என் மகள் சந்தைக்குக் கிளம்புகிறவள்போல எல்லோருக்கும் கை காட்டினாள். ஒரு குட்டிப் பெண் வாயில் மிட்டாயோடு அக்காவிடம் இந்தியில் கேட்டாள், இவள் திங்கட்கிழமை வருவாளா என்று.

"என்ன ஏன் கேக்குற? தேதி சொன்னவரு அங்க நிக்கிறாரு பாரு, அவர கேளு" என்றார் அக்கா.

நாலு முகங்களும் என் பக்கம் திரும்பின. காய்ச்சல் என்று சொல்ல நாக்கு நுனிவரை வந்தது. குந்தி உட்கார்ந்து, வரமாட்டாள் என்றேன்.