மாப்பிள்ளை மாறிய சீசன்

இரண்டாவது சீசன் தொடங்கி ஐந்து நிமிடம்கூட ஆகியிருக்காது. வீட்டுக்கார அக்கா ரிமோட்டை எடுத்துப் படத்தை நிறுத்தினார். திரையில் ஒரு கொரிய இளைஞன் நனைந்த குடையை மடக்கியபடி, பாதிச் சிரிப்போடு அப்படியே நின்றான். அக்கா கண்ணாடியைக் கழற்றி கார்டிகன் நுனியால் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டார். சோற்றுக் கோப்பையை மேசையில் வைத்துவிட்டு எழுந்துபோய், டிவிக்கு ஒரு முழம் தள்ளி நின்று அந்த முகத்தைப் பார்த்தார்.

"தம்பி, இது அவனில்லை."

அவர் சொன்னது சரிதான். முதல் சீசனில் நடித்த பொடியனுக்குப் பதிலாக வேறொருவனைப் போட்டிருந்தார்கள். பாத்திரத்தின் பெயர் அதேதான், அதே பூக்கடை, அதே நீலச் சட்டை. முகம் மட்டும் வேறு. ஒப்பந்தத்தில் ஏதாவது பிரச்சினை வந்திருக்கும் என்று நான் மெல்லச் சொல்லிப் பார்த்தேன். அக்கா அதைக் காதில் வாங்கவில்லை. "போட்டோவிலை காட்டினது ஒருத்தனை, மணவறையிலை கொண்டுவந்து இருத்தினது இன்னொருத்தனை. இதை நான் செய்திருந்தால் லண்டன் முழுக்க என்னைக் கிழிச்சுத் தோரணம் கட்டியிருப்பினம்" என்றார்.

அப்படிக் கோபப்பட அவருக்கு உரிமை இருந்தது. அக்காவின் தொழில் கலியாணத் தரகு.

லண்டனின் செவன் கிங்ஸில் அவருடைய வீட்டு மேல் அறையில் நான் பல வருடம் வாடகைக்கு இருந்தேன். கணவர் இறந்து கனகாலம். மகள் கலியாணம் முடித்து வெம்பிளிக்குப் போய்விட்டாள். அக்காவின் அலுவலகம் என்பது முன்னறையில் இருந்த பழைய சோபாவும் ஒரு கைப்பேசியும் பஞ்சாங்கமும்தான். யாழ்ப்பாணத்திலிருந்தும் பாரிஸிலிருந்தும் டொரன்டோவிலிருந்தும் அழைப்பு வரும். பெற்றோர் நட்சத்திரத்தையும் பிறந்த நேரத்தையும் சொல்ல, அக்கா பெருவிரலால் மற்ற விரல்களின் கணுக்களைத் தொட்டுத் தொட்டு எண்ணி, பொருந்தும் என்றோ பொருந்தாது என்றோ சொல்லுவார். நான் அறை கேட்டுப் போன நாளில், என்ன வேலை என்று கேட்க முதலே என்ன நட்சத்திரம் என்று கேட்டார். சித்திரை என்றேன். "பரவாயில்லை, சண்டை பிடிக்காத ஆள்" என்று சொல்லி அறைத் திறப்பைக் கையில் தந்தார்.

சண்டை பிடிக்கிறதென்ன, நான் சத்தமாகக் கதைக்கிறவனே இல்லை. ஊரில் பத்தாம் வகுப்போடு படிப்பை விட்டு வந்தவன். பக்கத்து ஊரான பார்க்கிங்கில் ஒரு பெட்ரோல் ஸ்டேஷனில் எனக்கு வேலை. கண்ணாடிக்குப் பின்னால் நின்று கார்டு மெஷினைத் தள்ளிவிடுவேன், வணக்கம் சொல்லுவேன், நன்றி சொல்லுவேன். எனக்கும் உலகத்துக்கும் நடுவில் அந்தக் கண்ணாடி இருந்தது பெரிய ஆறுதலாக இருந்தது. எனக்கு ஆண்களைத்தான் பிடிக்கும் என்பது மீசை அரும்பிய காலத்திலேயே எனக்குத் தெரியும். அதை ஒருவரிடமும் சொன்னதில்லை. அக்காவுக்குத் தெரிந்தால் அறை போய்விடும் என்று பயந்தேன். அதைவிடப் பெரிய பயம், ஞாயிற்றுக்கிழமை மத்தியானங்கள் போய்விடும் என்பது. ஞாயிற்றுக்கிழமைகளில் எனக்குக் காலை ஷிப்ட். முடித்துக்கொண்டு வரும்போது வாசலிலேயே மீன்குழம்பு வாசம் வரும். கோப்பையை மடியில் வைத்துக்கொண்டு, சோபாவின் இரண்டு முனைகளில் நாங்கள் இருவரும் கொரிய நாடகம் பார்ப்போம். லண்டனில் எனக்கு வீடு என்று இருந்தது அந்தச் சோபாவின் இடப்பக்கம்தான்.

எனக்கும் பெண் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். ஊரில் ஒரு டீச்சர், பாரிஸில் கணவனை இழந்த ஒருவர், நோர்வேயில் ஒரு நேர்ஸ். ஒவ்வொரு முறையும் நான் "இப்ப வேண்டாம் அக்கா" என்பேன். "அப்ப எப்ப? பென்ஷன் எடுத்தாப் பிறகோ?" என்பார் அவர்.

அந்த நாடகத்தை நாங்கள் தேடிப் போகவில்லை. மருத்துவமனைக் கதை ஒன்று முடிந்ததும் டிவி தானாகவே அடுத்ததாக அதைக் கொண்டுவந்து போட்டது. அந்தக் கதையின் உலகத்தில் எல்லாரும் அரைக் கனவுதான் காண்பார்கள். மற்றப் பாதியை எங்கோ இருக்கிற இன்னொருவர் காண்பார். அந்த இன்னொருவர்தான் அவருடைய உயிர்த்துணை. பூக்கடையில் வேலை செய்யும் ஒரு பொடியனும் பஸ் ஓட்டப் பழகும் ஒரு பொடியனும் ஒருநாள் மழைக்கு ஒதுங்கி நின்று கதைக்கும்போது, ஒருவனுடைய கனவு மற்றவனுடைய கனவில் போய் முடிவதைக் கண்டுபிடிக்கிறார்கள். அக்காவுக்கு இது நன்றாகப் பிடித்துக்கொண்டது. "இதுவும் பொருத்தம் பாக்கிறதுதான். இவங்கள் நித்திரையிலை பாக்கிறாங்கள், நாங்கள் முழிச்சிருந்து பாக்கிறம்" என்றார்.

இரண்டு பேரும் கூட்டாளிகள் என்றே அவர் நினைத்திருப்பார் என்று நான் நம்பிக்கொண்டிருந்தேன். பிறகு ஒரு ஞாயிறு, குடைக்குக் கீழே அவர்கள் முத்தமிட்டுக்கொண்டார்கள். நான் கோப்பையில் கிடந்த முருங்கைக்காய்ச் சக்கையை உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தேன். அறையில் மழைச் சத்தம் மட்டும் கேட்டது, அதுவும் கொரியாவில் பெய்த மழை. அக்கா எழுந்தார். "மோர்மிளகாய் வேணுமே தம்பி?" ஓம் என்றேன். அவர் குசினிக்குப் போனார். எங்கள் வீட்டில் ஒரு வழக்கம் இருந்தது, யார் எழுந்து போனாலும் மற்றவர் படத்தை நிறுத்திவைக்க வேண்டும். பதற்றத்தில் நானும் நிறுத்திவிட்டேன். எந்த இடத்தில் நிறுத்தினேன் என்பது பிறகுதான் உறைத்தது. குசினியில் எண்ணெய் காய்ந்து மிளகாய் பொரிந்து வரும்வரை திரை முழுக்க அந்த முத்தம் அசையாமல் நின்றது. ரிமோட்டைத் தொடவும் எனக்குக் கை வரவில்லை. அக்கா தட்டோடு வந்து சோபாவில் இருந்தார். நிமிர்ந்து பார்த்தார்.

"இன்னும் முடியேல்லையே இவங்களுக்கு?" என்றார். "சரி, ஓடவிடும்."

அவ்வளவுதான். அவர் என்ன நினைத்தார் என்று முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியவில்லை. ஆனால் அடுத்த ஞாயிறு நான் சப்பாத்தைக் கழற்ற முதலே டிவியைப் போட்டுவைத்திருந்தார்.

முதல் சீசன் முடிந்து அடுத்தது வருவதற்கு இடையில்தான் நண்பர் வந்தார். ஜெர்மனியில் பல வருடம் இருந்துவிட்டு லண்டனுக்கு மாறி வந்தவர், மின்சார வேலை செய்கிறவர். எங்கள் பெட்ரோல் ஸ்டேஷனில் விளக்குகளைத் திருத்த வந்து, ஏணியில் நின்றபடியே என்னிடம் ஊர் எது என்று கேட்டார். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் வந்து என்னோடு கதைத்த முதல் ஆள் அவர்தான். அக்கா வீட்டுக் குசினியில் லைட் அடிக்கடி போய்க்கொண்டிருந்ததால் அவரைக் கூட்டிக்கொண்டு போனேன். லைட் எரிந்தது, சாப்பிட்டார். அடுத்த ஞாயிறும் வந்தார். அதற்கடுத்த ஞாயிறு சோபாவுக்குப் பக்கத்தில் அவர் உட்கார ஒரு கதிரை முளைத்திருந்தது. நண்பர் என்றுதான் அவரை அறிமுகப்படுத்தியிருந்தேன். கலியாணமாகாத, நாற்பது கடந்த, கைத்தொழில் உள்ள ஒரு ஆம்பிளை வாராவாரம் வந்து சாப்பிட்டுப் போகிறார். அக்கா அவருடைய நட்சத்திரத்தைக் கேட்கவே இல்லை. அது எவ்வளவு பெரிய விஷயம் என்று அப்போது எனக்குப் படவில்லை.

இரண்டாவது சீசனுக்காக அக்கா காத்திருந்தது மாதிரி யாரும் காத்திருக்க முடியாது. வெம்பிளியில் இருக்கிற மகளுக்கு போன் போட்டு, வந்திட்டுதோ வந்திட்டுதோ என்று கேட்டபடி இருப்பார். வந்ததும்தான் மேலே சொன்ன மாப்பிள்ளை மாறாட்டம். இனிப் பார்ப்பதில்லை என்று அறிவித்துவிட்டு, யாரோ சமையல் செய்து காட்டுவதைப் போட்டுவிட்டார். பிடிக்காத மருமகளின் சமையலைப் பார்ப்பது போல அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். கடைசியில் நண்பர்தான் வழி சொன்னார். "அக்கா, நீங்கள் புதுப் பொடியனைப் பாக்காதேங்கோ. மற்றவனைப் பாருங்கோ. அவன் இவனைப் பாக்கிற பார்வை மாறியிருக்கோ எண்டு பாருங்கோ."

அக்கா பார்த்தார். பஸ்காரப் பொடியன், புது முகத்தை அதே பழைய பார்வையோடுதான் பார்த்தான். இரண்டு காட்சி பொறுத்து அக்கா பெருமூச்சு விட்டார். "அவனே ஏற்றுக்கொண்டிட்டான். பிறகு எனக்கென்ன."

அந்தச் சீசன் முதலாவதைவிடப் பொல்லாதது. நடுவில் அவர்களுடைய கனவுகள் பொருந்தாமல் போய்விடும். பூக்கடைப் பொடியனுடைய மற்றப் பாதியை இப்போது முன்பின் தெரியாத யாரோ ஒருவன் காண்கிறான். உன் துணை நான்தான் என்று சொல்லிக்கொண்டு அவன் வந்தும் நிற்கிறான். அக்கா துடித்துப்போனார். "பொருத்தம் எண்டால் ஒருக்கால் விழுந்தது விழுந்ததுதானே. அது மாறுமெண்டால், இவ்வளவு காலமும் நான் சனத்துக்குச் சொன்னது என்ன?" என்று எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிக் கேட்டார். மற்ற நாட்களிலும் அதே யோசனையாகத் திரிந்தார். போனில் ஒரு தாயிடம், பொருந்தாது என்று சொல்ல வாயெடுத்துவிட்டு, பொடியனும் பெட்டையும் ஒருக்கால் கதைச்சுப் பாக்கட்டுமன் என்று அவர் சொன்னதைப் படியிறங்கும்போது கேட்டேன்.

கடைசிப் பகுதி பார்த்த ஞாயிறு நண்பருக்கு வேலை. அக்காவும் நானும் மட்டும்தான். பொருந்தி வந்தவனை வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் பூக்கடைப் பொடியன் பழையவனிடமே திரும்பி வருகிறான். காலையில் இருவரும் எழும்பி, ஒருவன் தன் அரைக் கனவைச் சொல்கிறான், மற்றவன் தன்னுடையதைச் சொல்கிறான். ஒன்றுக்கொன்று ஒட்டவே இல்லை. இரண்டையும் வைத்துக்கொண்டு விழுந்து விழுந்து சிரிக்கிறார்கள். பிறகு இரண்டும் சேருகிற மாதிரி நடுவில் ஒரு கதையைத் தாங்களாகவே கட்டுகிறார்கள். அதோடு முடிந்தது. எழுத்துகள் மேலே ஏறிக்கொண்டிருந்தன. அக்காவின் கைப்பேசி அடித்தது. அவர் அதை எடுக்காமல் கவிழ்த்து வைத்தார். அப்படிச் செய்து நான் பார்த்ததில்லை.

"தம்பி, அவரின்ரை நட்சத்திரம் என்ன?"

"ஆரின்ரை அக்கா?"

"ஜெர்மனிக்காரரின்ரை."

"அவிட்டம்" என்றேன். சொல்லி வாய் மூடிய பிறகுதான் விளங்கியது, ஒரு கூட்டாளியின் நட்சத்திரம் எந்த ஆம்பிளைக்குத் தெரிந்திருக்கும்? கேட்டவுடன் சொல்லிவிட்டேன். விரல்களில் சோறு காய்ந்துகொண்டு வந்தது. எழும்பிப் போய்க் கை கழுவவும் துணிவில்லை.

அக்கா தலையை ஆட்டினார். அவருக்கு வந்த சந்தேகம் வேறு. "எண்ணுறதெண்டால் பொம்பிளை நட்சத்திரத்திலை இருந்து எண்ண வேணும். இதிலை எந்தப் பக்கத்திலை இருந்து தொடங்கிறது?" என்று தனக்குத்தானே கேட்டுக்கொண்டார். பிறகு பெருவிரல் கணுக்களில் ஓடத் தொடங்கியது. என்னிடமிருந்து அவர்வரைக்கும் எண்ணினார். கொஞ்சம் யோசித்துவிட்டு, அவரிடமிருந்து என்வரைக்கும் எண்ணினார். உதடு மட்டும் அசைந்தது.

"ரெண்டு பக்கத்தாலையும் பாத்திட்டன். ரச்சு இல்லை."

ரச்சு, அதாவது தாலிப் பொருத்தம், இல்லை என்றால் அக்கா அதற்கு மேல் எண்ணவே மாட்டார். எத்தனையோ தாய்மாருக்கு அந்த ஒரு சொல்லோடு போனை வைத்திருக்கிறார். எனக்கும் மரியாதையாக அதையே சொல்கிறார் என்று நினைத்தேன். "நான் அறையை விடட்டோ அக்கா?" என்று கேட்டேன்.

அவர் என்னை ஒரு விசரனைப் பார்ப்பது போலப் பார்த்தார்.

"ஏன், மேல் அறையிலை ரெண்டு பேருக்கு இடம் காணாதோ?"

அவர் டிவியைக் கையால் காட்டினார். "இவ்வளவு கிழமையும் இதிலை இருந்து என்னத்தைப் பாத்தனீர்? ரச்சு இல்லையெண்டால் இல்லை. நோர்வே நேர்ஸைக் காட்டேக்கையே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம், அந்தப் பிள்ளையை வேறை இடத்திலை எப்பவோ முடிச்சிருப்பன். போய்க் கையைக் கழுவும், காஞ்சு போச்சு."

குழாயைத் திறந்துவிட்டுக் கனநேரம் நின்றேன். அழுதேன் என்று சொன்னால் அழுகைதான். ஆனால் முகத்தில் சிரிப்பும் நிற்கவில்லை. முன்னறையில் அக்கா போனை எடுத்து நண்பருக்கு, வேலை முடியச் சாப்பிட வரும்படி உத்தரவு போட்டுக்கொண்டிருந்தார்.

அந்த மேல் அறையில் இருவரும் கொஞ்சக் காலம் இருந்துவிட்டு, பிறகு பார்க்கிங்கில் ஒரு சின்ன பிளாட் எடுத்தோம். பதிவுத் திருமணத்துக்கு அக்கா பட்டுச்சேலை கட்டி, அதற்கு மேலே தடித்த கோட்டும் போட்டுக்கொண்டு வந்தார். வாசலில் நின்ற பெண், நீங்கள் யாருடைய பகுதி என்று கேட்டாள். "ரெண்டு பகுதியும் நான்தான்" என்று முதலில் தமிழில் சொல்லிவிட்டுத்தான் இங்கிலீஷில் சொன்னார். அவரும் சாட்சிக் கையெழுத்துப் போட்டார்.

இப்போது அக்கா செவன் கிங்ஸ் வீட்டை விற்றுவிட்டு மகளுக்குப் பக்கத்தில், வெம்பிளியில் இருக்கிறார். ஞாயிற்றுக்கிழமைகளில் நாங்கள் இருவரும் ரயில் ஏறிப் போகிறோம். தொழிலை அவர் விடவில்லை. ஆனால் புதிதாக ஒரு கேள்வியைச் சேர்த்திருக்கிறார் என்று மகள் முறையிட்டாள். அதனால் சிலர் ஏசுகிறார்களாம், சிலர் போனை வைத்துவிடுகிறார்களாம், வேறு தரகரிடம் போனவர்களும் உண்டாம். அக்காவுக்கு அது ஒரு பொருட்டாகத் தெரியவில்லை.

போன ஞாயிறு அந்தக் கேள்வி என் காதிலேயே விழுந்தது. அக்கா புட்டுக் குழைத்துக்கொண்டிருந்ததால் போனை ஸ்பீக்கரில் போட்டிருந்தார். லண்டனிலேயே எங்கோ ஒரு தாய், மகனுக்கு முப்பது தாண்டிவிட்டது, எதைக் காட்டினாலும் வேண்டாம் என்கிறான் என்று சலித்துக்கொண்டார். அக்கா படிப்பைக் கேட்டார், உயரத்தைக் கேட்டார், நட்சத்திரத்தைக் கேட்டார். பிறகு குரல் மாறாமல், மாவிலிருந்து கையை எடுக்காமல் கேட்டார்.

"மகனுக்குப் பொம்பிளையோ மாப்பிள்ளையோ பாக்கிறியள்?"

அந்தப் பக்கம் சத்தமே இல்லை. வைத்துவிட்டார் என்றுதான் நினைத்தேன். நண்பர் வெங்காயம் வெட்டுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். அக்கா மட்டும் ஒன்றும் நடக்காதது போலத் தண்ணீர் தெளித்துக் குழைத்துக்கொண்டே இருந்தார். கடைசியில் அந்தக் குரல் மெல்ல வந்தது.

"வைச்சிடாதேங்கோ அக்கா. அவன் மேலைதான் நிக்கிறான். கேட்டுக்கொண்டு வாறன்."

போனுக்குள் யாரோ படியேறிப் போகும் சத்தம் கேட்டது. நாங்கள் மூன்று பேரும் கேட்டுக்கொண்டிருந்தோம்.