பட்டப்பகலில் கடையை மூடிய கணினி

சிங்கப்பூர் தேக்கா சந்தையின் மாடியில் எனக்கு ரவிக்கை தைத்துத் தரும் அக்காவின் கடைக் கணினி, தீபாவளி நெருக்கத்தில் உயிரை விட்டது. எம்பிராய்டரி டிசைன்கள், வாடிக்கையாளர்களின் அளவுகள் எல்லாம் அதற்குள்தான். நல்லவேளையாக, அதன் ஹார்ட் டிஸ்கை அப்படியே முழுதாகப் படியெடுத்து வைத்திருந்தேன். அலுவலகத்தில் என் வேலையே அதுதான் என்பதால் வந்த பழக்கதோஷம்.

அக்காவின் கணவர் யாரோ பயன்படுத்திய லேப்டாப் ஒன்றை வாங்கி வைத்திருந்தார். சனிக்கிழமை காலை பிடோக்கில் இருக்கும் என் வீட்டிலிருந்து ரயிலேறிப் போய், அந்தப் படியை அதில் இறக்கினேன். ஒரு கணினிக்குப் பழகிய விண்டோஸ் இன்னொன்றில் லேசில் குடியேறாது. முதலில் பிழை காட்டும் நீலத் திரைதான் வந்தது. இந்த லேப்டாப்புக்கு வேண்டிய டிரைவர் மென்பொருளைச் சேர்த்ததும், பழைய கணினியே எழுந்து வந்தது போல அதே முருகன் படத்துடன் திரை விரிந்தது.

“அப்படியே இருக்கு லா,” என்று அக்கா பூரித்துப்போனார்.

வைஃபையும் டச்பேடும் மட்டும் வேலை செய்யவில்லை. அவற்றை அப்புறம் பார்க்கலாம் என்று கடையின் ஸ்பீக்கரை மாட்டினேன். லேப்டாப்பின் கடிகாரம் வேறேதோ தேசத்து நேரத்தில் ஓடிக்கொண்டிருந்ததை நான் கவனிக்கவில்லை.

மதியம், கடையில் நிற்க இடமில்லாத வேளையில் ஸ்பீக்கர் கனைத்தது.

“அன்பார்ந்த வாடிக்கையாளர்களே, கடை மூடும் நேரம் வந்துவிட்டது. தயவுசெய்து வெளியேறவும்.”

அது அக்காவின் கணவருடைய குரல். யாரிடமும் கிளம்புங்கள் என்று சொல்ல வாய் வராத மனிதர் அவர். அதனால் செய்தி வாசிப்பவரைப் போலப் பேசிப் பதிந்து, பழைய கணினியில் தினமும் இரவு எட்டரைக்கு ஒலிக்கும்படி வைத்திருந்தாராம். லேப்டாப்பின் கடிகாரத்தில் அப்போது அதே எட்டரை. இப்போதோ கழுத்தில் அளவு நாடாவுடன் வாயை மூடியபடி நின்றிருந்தார். அக்காவிடம் அளவு கொடுத்துக்கொண்டிருந்த அம்மாள், தூக்கிய கையை இறக்க மறந்து அவரையே பார்த்தார்.

“எதுக்குங்க எல்லாரையும் விரட்டுறீங்க?” என்றார் அக்கா.

“இது நான் இல்ல. போன வருஷத்து நான்.”

நிறுத்தச் சொல்லும் வரை அது திரும்பத் திரும்ப ஒலிக்குமாம். டச்பேடு செத்துக் கிடந்ததால் நான் கண்ட பொத்தானையெல்லாம் அழுத்தினேன், சத்தம்தான் கூடியது. அறிவிப்பு என்று வந்துவிட்டால் இந்த ஊரில் யாரும் ஏன் என்று கேட்பதில்லை. எல்லாரும் வரிசையாகப் படியிறங்கிவிட்டார்கள். பக்கத்துக் கடைக்காரர் தன் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, தீயணைப்புப் பயிற்சியா என்று வந்து விசாரித்தார். கடைசியில் அக்கா ஸ்பீக்கர் வயரைப் பிடுங்கி எறிந்தார்.

கடை காலியாகக் கிடந்தது. வேறு வழியில்லாமல் மூவரும் கீழேயிருந்து பிரியாணி வாங்கி வந்து, துணி வெட்டும் மேசையிலேயே உட்கார்ந்து சாப்பிட்டோம். அந்த மாதத்தில் சூடாகச் சாப்பிடுவது அன்றுதான் முதல்முறை என்று அக்கா சொன்னார். அதற்குள் நான் கைப்பேசி வழியாக இணையம் கொடுத்து, விட்டுப்போன டிரைவர்களை ஏற்றி, கடிகாரத்தையும் திருத்திவிட்டேன்.

கை கழுவிவிட்டு வந்தபோது, தூக்கிய கையோடு நின்ற அந்த அம்மாள் பையில் கட்டிய தே தாரிக் தேநீருடன் வாசலில் நின்றார்.

“திறந்துட்டீங்களா?” என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் மறுபடி கையைத் தூக்கினார்.