பதுளைக்குப் போன பிடிமண்

திங்கட்கிழமை பிற்பகல் தனுஷ்கோடியில் கப்பல் ஏறினேன். கையில் ஒரு தகரப் பெட்டி, ஒரு கம்பளி, மஞ்சள் துணியில் முடிந்த ஒரு பிடி மண். இலங்கையில் மூன்று மாதம் இருக்க எனக்கு அனுமதி கொடுத்திருந்தார்கள். மண்ணுக்கு எந்த அனுமதியும் கேட்கவில்லை.

தலைமன்னாரில் சுங்கத்துக்காரர் அந்த முடிச்சை அவிழ்க்கச் சொன்னார். யாழ்ப்பாணத்துக்காரர். மூக்குக் கண்ணாடியை இறக்கிப் பார்த்தார்.

"இதென்ன, மண்ணே?"

"ஆமாம். துறையூர்ப் பக்கம் எங்கள் குலசாமி கோயில் மண்."

"உங்கட நாட்டில மண்ணையும் ஏற்றுமதி செய்யத் தொடங்கிட்டினமோ? சரி, கட்டிக்கொண்டு போங்கோ. இதுக்குத் தீர்வை இல்லை."

விஷயம் இதுதான். என் தாத்தாவின் தம்பி தேயிலைத் தோட்டத்துக்குக் கூலியாகப் போனவர், திரும்பவே இல்லை. அவருடைய பேரன் ராமையா அங்கேயே பிறந்து அங்கேயே வேலை செய்கிறான். அவனுடைய மகனுக்கு ஐந்து வயதாகியும் முடி எடுக்கவில்லை. எங்கள் வம்சத்தில் முதல் முடியைப் பச்சைமலை அடிவாரத்தில் கருப்புசாமி முன்னால்தான் எடுப்பது வழக்கம். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ராமையா இந்தியாவுக்கு வர முடியாது. அவனுடைய பிரஜாவுரிமை மனு விசாரணையில் இருக்கிறது. இந்த நேரத்தில் கடலைத் தாண்டினால் "உன் ஊருக்கே போய்விட்டாய் அல்லவா, அங்கேயே இரு" என்று சொல்லிவிடுவார்கள். வர முடியாதவர்களுக்கு எங்கள் பக்கத்தில் ஒரு வழி உண்டு. கோயிலிலிருந்து ஒரு பிடி மண்ணை எடுத்துப் போய், இருக்கிற இடத்தில் கல் நட்டு, அதன் அடியில் போட்டால் சாமி அங்கே வந்துவிட்டதாகக் கணக்கு. பங்காளி ஒருவன்தான் கொண்டுபோக வேண்டும். லாரி ஓட்டுகிறவன், ஊர் சுற்றிப் பழகியவன் என்று என் தலையில் கட்டினார்கள்.

செவ்வாய்க்கிழமை காலை பொல்காவலையில் வண்டி மாறினேன். அங்கிருந்து பதுளை வரை மலை ரயில். நாவலப்பிட்டி தாண்டியதும் மழை பிடித்துக்கொண்டது. அட்டன், நானுஓயா எல்லாம் மழைக்குள்தான் பார்த்தேன், அதாவது பார்க்கவில்லை. பட்டிப்பொலை வந்தபோது ஆறாயிரம் அடிக்கு மேல் ஏறியிருந்தோம். அதற்கப்புறம் ஒரு குகை. அதற்குள் நுழையும்போது ஜன்னலில் தண்ணீர் வழிகிறது. வெளியே வரும்போது சுள்ளென்று வெயில். எதிரே உட்கார்ந்திருந்த கடைக்காரர் ஒருவர், "இனி ஊவா மாகாணங்க. அங்கிட்டு நனையிறப்ப இங்கிட்டுக் காயும்" என்றார்.

அவர் சொன்னது சரி. ஆவணியில் மேற்கே பெய்கிற மழையை மலை அங்கேயே நிறுத்திவிடுகிறது. ஊவாவுக்குக் காற்று மட்டும் வருகிறது. சூடான, காய்ந்த காற்று. அந்தக் காற்றில்தான் தேயிலைக்கு வாசம் ஏறுகிறது, அதற்குத்தான் லண்டனில் நல்ல விலை என்று சொன்னார்கள். ஊவா தேயிலையில் நல்ல ரகத்தை ஊவாவில் யாரும் குடிக்கவில்லை. அப்புத்தளை ஸ்டேஷன் கடையில் ஐந்து சதத்துக்குக் கொடுத்த தேநீர் எங்கள் துறையூர் பஸ் நிலையத்துத் தூளைவிட மோசம்.

அப்புத்தளையிலிருந்து பெரகலைக்கு பஸ். ஏறத்தாழ நான்கு மைல், எல்லாம் இறக்கம். மலைப் பாதையில் லாரி ஓட்டியவன் நான். ஆனாலும் அந்த வளைவுகளில் கம்பியைப் பிடித்துக்கொண்டுதான் உட்கார்ந்தேன். பெரகலைச் சந்தியில் நாலைந்து கடைகள். அங்கே நின்று தெற்கே பார்த்தால் மலை சட்டென்று முடிந்துவிடுகிறது. கீழே நாலாயிரம் அடி பள்ளத்தில் சமவெளி, அதற்கும் அப்பால் ஒரு வெள்ளைக் கோடு. அது கடல் என்றார்கள். ஹல்துமுல்லைப் பாதையில் கொஞ்சம் நடந்து, தேயிலைக்குள் ஒரு மைல் ஏறினால் ராமையாவின் லயம். ஒரே கூரை, பன்னிரண்டு அறைகள், அறைக்கு ஒரு குடும்பம்.

ராமையாவை நான் பார்த்ததில்லை. கடிதத்தில்தான் பழக்கம். ஆனால் எங்கள் அப்பாவின் காதும் மூக்கும் அவனுக்கு இருந்தன.

"வாங்கண்ணே. கண்டி சீமைக்கு வழி தெரிஞ்சிச்சா?"

அவன் மனைவி செல்லம்மா முடிச்சை இரண்டு கையாலும் வாங்கி சாமி படத்தின் கீழே வைத்தாள். பையன் கதவோரம் நின்றான். பெயர் கருப்பையா. இடுப்பு வரை பின்னல், நுனியில் சிவப்பு ரிப்பன். "பொம்பளப் புள்ளையானு கேக்குறவங்கள இவன் கடிச்சு வெச்சிருவான் மாமா, பாத்துக் கேளுங்க" என்றாள் செல்லம்மா.

புதன்கிழமை தோட்டத்தைச் சுற்றிப் பார்த்தேன். விடிவதற்கு முன் தப்பு அடிக்கிறார்கள். பெரட்டுக் களத்தில் ஆள் கணக்கு எடுக்கிறார்கள். கங்காணி, அவருக்கு மேல் கணக்கப்பிள்ளை, அவருக்கு மேல் பெரிய துரை. அதோடு உலகம் முடிந்தது. ராமையாவிடம், "உங்களுக்கு கலெக்டர் யார்?" என்று கேட்டேன்.

"கச்சேரியில ஒரு ஏசண்டு தொர இருக்காருனு சொல்றாங்க. நாங்க எங்கண்ணே பாத்தோம்?"

இந்த ஜில்லாவுக்கு இரண்டு நிர்வாகம். கிராமத்தில் எங்கள் மணியக்காரர் மாதிரி விதானை இருக்கிறார், அவருக்கு மேல் அதிகாரி, அவருக்கு மேல் பதுளைக் கச்சேரி, அதாவது கலெக்டர் ஆபீஸ். அது சிங்களக் கிராமங்களுக்கு. தோட்டத்து எல்லைக் கல்லில் அது நின்றுவிடுகிறது. இந்தப் பக்கம் பள்ளிக்கூடம், மருந்து, அரிசி, சாவு எல்லாம் துரை கையில். சாமியும் அப்படித்தான். கல் நட ஒரு முழம் இடம் கேட்டு ராமையா ஒரு வருஷம் நடந்திருக்கிறான். "நட்டுக்க, கூரை போடாதே" என்று துரை சொன்னாராம். பரம்பரையாக இந்த மலையைச் சுமந்தவனுக்கு ஒரு முழம், அதுவும் கூரையில்லாமல்.

மறுநாள் வியாழக்கிழமை பதுளையில் விசாரணை. வெள்ளிக்கிழமை கல் நட்டு முடி எடுப்பது. இந்த வரிசை எனக்குப் பிடிக்கவில்லை. "இன்றைக்கே அப்புத்தளைக்குக் கூட்டிப்போய் முடியை வெட்டிவிடு. அந்தப் பின்னலோடு அதிகாரி முன்னால் போகாதே" என்றேன்.

செல்லம்மா அடுப்பிலிருந்து திரும்பாமலே பதில் சொன்னாள். "அஞ்சு வருசம் காத்தாச்சு மாமா. சாமி வாசல் வரைக்கும் வந்தப்புறம் கத்திரிக்கோலக் கையில எடுக்கச் சொல்றீங்களே."



வியாழக்கிழமை காலை, பையனும் பின்னலுமாக, நாலு பேரும் அப்புத்தளையில் ரயில் ஏறினோம். பண்டாரவளை, எல்ல, தெமோதரை. தெமோதரையில் தண்டவாளம் மலையை ஒரு வட்டம் போட்டு, ஸ்டேஷனுக்கு அடியிலேயே குகை வழியாக வெளியே வருகிறது. கட்டியவன் கெட்டிக்காரன். ஹாலிஎல வந்ததும் பள்ளத்தில் வயல்கள், மேலே தேயிலை. நெல் சிங்களவருடையது, தேயிலை கம்பெனியுடையது, நடுவில் ஓடுகிற ரயிலில் நாங்கள். அதற்கப்புறம் பதுளை, தண்டவாளத்தின் கடைசி.

பதுளை நல்ல ஊர். சுற்றிலும் மலை, கிழக்கே நமுனுகுல. பழைய புத்த விகாரை, கதிர்காமத்தானுக்கு ஒரு கோயில், மசூதி, மாதா கோயில் எல்லாம் கூப்பிடு தூரத்தில். கடைத்தெருவில் தமிழ், சிங்களம் இரண்டும் கேட்கிறது. துன்ஹிந்த அருவி நாலைந்து மைல்தானாம். பார்க்கவில்லை. அதைப் பார்க்கிற மனநிலையில் யாரும் இல்லை.

விசாரணை ஒரு நீள அறையில். அதிகாரி சிங்களவர், இங்கிலீஷில் கேட்டார். யாழ்ப்பாணத்து குமாஸ்தா ஒருவர் தமிழில் சொன்னார். நான் பின்னால் பெஞ்சில் இருந்தேன். ராமையா எல்லாவற்றுக்கும் தயாராக வந்திருந்தான். எங்கே பிறந்தாய்? இதே தோட்டத்தில். அப்பா? இதே தோட்டத்தில். இந்தியாவுக்குப் போனதுண்டா? இல்லை. மனைவி? அவளும் இல்லை. அதிகாரி தலையாட்டிக்கொண்டே எழுதினார். அவர் கெட்டவராகத் தெரியவில்லை. கடைசியில் பேனாவை மூடியவர் பையனைப் பார்த்துச் சிரித்து ஏதோ கேட்டார்.

"பெடியனுக்கு ஏன் பின்னல் எண்டு ஐயா கேக்கிறார்" என்றார் குமாஸ்தா.

ராமையாவுக்கு இந்தக் கேள்வி புதிதல்ல. ஐந்து வருஷமாகக் கடைக்காரன், கண்டக்டர், கங்காணி எல்லோரும் கேட்டதுதான். எல்லோருக்கும் சொன்ன பதிலையே சொன்னான்.

"குலசாமிக்கு நேந்த முடிங்க. ஊருக்குப் போயித்தான் எடுக்கணும்."

பேனா மறுபடி திறந்தது.

செல்லம்மா முன்னால் வந்தாள். "அது முன்ன சொன்னதுங்க. இப்ப சாமியே இங்க வந்துருச்சு. நாளைக்குத் தோட்டத்துலயே எடுக்குறோம்."

குமாஸ்தா கொஞ்சம் யோசித்துத்தான் மொழிபெயர்த்தார். "சாமி என்னெண்டு வந்தது எண்டு கேக்கிறார்."

"இவுகதான் கொண்டாந்தாங்க." விரல் என்னைக் காட்டியது.

அதிகாரி என்னைக் கூப்பிட்டார். எப்போது திரும்பிப் போகிறாய் என்று கேட்டார். ஞாயிற்றுக்கிழமை என்றேன். சாமியும் உன்னோடு வருமா என்றார். "சாமிக்குத் திரும்பிவர டிக்கெட் எடுக்கவில்லை" என்றேன். குமாஸ்தா அதைச் சொன்னபோது அறையில் எல்லோரும் சிரித்தார்கள். அதிகாரியும் சிரித்தார். சிரித்துக்கொண்டே எழுதினார். முடிவு தபாலில் வரும் என்றார்கள்.

திரும்பும் ரயிலில் ராமையாவைத் திட்டினேன். ஒரு மணி நேரம் திட்டியிருப்பேன். அவன் ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தான். பண்டாரவளை தாண்டியதும் சொன்னான்:

"பொய் சொல்லலியேண்ணே. எனக்கு ஒருவாட்டி பாக்கணும்தான். தாத்தா சொன்ன அந்த வேலமரம், அந்த ஏரி. பாத்துட்டு வந்துருவேன். இருக்கவா போறேன்?"

அதற்குமேல் நான் திட்டவில்லை. அவனுடைய துரை சில வருஷங்களுக்கு ஒருமுறை சீமைக்குப் போய் ஆறு மாதம் இருந்து வருகிறார். அவரை எவனும் "நீ எந்த நாட்டுக்காரன்" என்று கேட்டு மேசை போட்டு உட்காரவில்லை. தாத்தா சொன்ன மரத்தை ஒருமுறை பார்க்க நினைத்தவனிடம் கேட்கிறார்கள். ஓட்டுரிமையையும் இவர்களிடமிருந்து பிடுங்கியாயிற்று. இங்கே இவர்களைத் துரத்தப் பார்க்கிறார்கள். டில்லியில் இருப்பவர்கள் இவர்கள் எங்களுடையவர்கள் இல்லை என்கிறார்கள். இரண்டு சர்க்காருக்கும் தேயிலை மட்டும் கசக்கவில்லை.

வெள்ளிக்கிழமை காலை, தேயிலை முடிந்து காடு தொடங்குகிற இடத்தில் கல் நட்டோம். மண்ணைப் போட்டது நான். செல்லம்மாவின் அண்ணன் மடியில் பையன் உட்கார்ந்தான். லயத்து நாவிதர் முதல் கத்தி வைத்தபோது வீறிட்டான். பாதித் தலை முடிந்ததும் கண்ணாடி கேட்டான். முழுத் தலையும் முடிந்ததும் எழுந்து நின்று, தெரிந்தவன் தெரியாதவன் எல்லோரிடமும், "நா ஆம்பளப் புள்ள" என்று சொல்லிக்கொண்டு போனான். பெரட்டு இருந்ததால் பெண்கள் வேலைக்குப் போகிற வழியில் நின்று கும்பிட்டுவிட்டு ஓடினார்கள்.

முடியைக் கொண்டுவந்து கோயிலில் சேர்க்கச் சொல்லி எங்கள் பெரியவர்கள் அனுப்பியிருந்தார்கள். அதைச் செல்லம்மாவிடம் சொன்னேன். அவள் முடியைக் கல்லுக்குப் பக்கத்து ஓடையில் விட்டுவிட்டு வந்தாள். மஞ்சள் துணியை அலசிக் காயவைத்து, மடித்து என்னிடம் கொடுத்தாள்.

"வெறுந்துணியாத்தான் இருக்கு மாமா. கோவிச்சுக்காதீங்க."

ஞாயிற்றுக்கிழமை அப்புத்தளையில் ரயில் ஏறினேன். மறுபடி அந்தக் குகை, மறுபடி மழை.

மாசியில் ராமையாவின் கடிதம் வந்தது. மனு தள்ளுபடியாம். இந்தியாவுக்குத் திரும்பும் எண்ணம் உள்ளவன் என்று காரணம் போட்டிருக்கிறார்கள். மேல்முறையீடு செய்திருக்கிறானாம். கடிதத்தின் கீழே செல்லம்மா சொல்லி எழுதிய இரண்டு வரி: அவளுக்கு இது ஏழாம் மாதம், இந்தப் பிள்ளைக்கும் அந்தக் கல்லடியில்தான் முடி எடுப்பது.

துறையூரில் எனக்கு நாலு பிள்ளைகள். அவர்களுக்கு எங்கே முடி எடுத்தாய் என்று எந்த அதிகாரியும் என்னைக் கேட்டதில்லை. நான் இந்த நாட்டுக்காரன் என்பதற்கு நான் செய்தது ஒன்றுமில்லை. என் தாத்தா கப்பல் ஏறவில்லை, அவ்வளவுதான்.

எங்கள் வீட்டிலிருந்து இலங்கைக்குப் போகிற ஒவ்வொரு கடிதத்தையும் ஒரே வரியில்தான் முடிப்போம்: ஊருக்கு எப்போது வருகிறாய்? அப்பா எழுதினார், நானும் எழுதினேன். ராமையாவுக்கு நேற்று பதில் எழுதினேன். கருப்பையாவுக்கு முடி வளர்ந்துவிட்டதா என்று கேட்டேன், கல்லுக்கு எண்ணெய் வைக்கச் சொன்னேன், செல்லம்மாவைச் சுமை தூக்க விடாதே என்றேன். அந்த வரியை எழுதவில்லை.