பதிலாள் ஓட்டிய கார்கள்

பொம்மைக் கார் பந்தயம் நடத்துகிறவனுக்குச் சம்பளம் கிடையாது. திட்டு மட்டும் மாதாமாதம் தவறாமல் வந்துவிடும். ஊரில் ஒரு கேரம் போட்டியோ, கபடிப் போட்டியோ, மன்றத்து ஆண்டு விழாவோ எடுத்து நடத்திக் கையைச் சுட்டுக்கொண்டவர்கள் யாராவது இதைப் படிக்கிறீர்கள் என்றால், வாருங்கள், பக்கத்தில் உட்காருங்கள். நாமெல்லாம் ஒரே கட்சி. எனக்குப் பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டு எதிரில் ரேடியோ ரிப்பேர் கடை. கீழே பிழைப்பு, மாடியில் பந்தயம். எண்பதுகளின் ஆரம்பத்தில் சில வருஷங்கள், கீழே இருந்த நேரத்தைவிட மாடியில் இருந்த நேரம்தான் அதிகம் என்று வீட்டில் இன்றும் சொல்கிறார்கள்.

ஆசாரியின் கேள்வி

ஆரம்பித்து வைத்தவன் ஜாபர். லப்பைக்குடிக்காட்டுக்காரன், பள்ளிக்கூடத்தில் எனக்கு ஒரே பெஞ்சு. வளைகுடாவிலிருந்து வந்த அவன் மாமா ஒரு அட்டைப் பெட்டி கொண்டுவந்தார். உள்ளே கறுப்புப் பிளாஸ்டிக்கில் சாலைத் துண்டுகள், விரல் நீளத்துக்கு இரண்டு கார்கள். சாலையில் காருக்கு ஒன்றாகக் காடி, அதாவது மெல்லிய பள்ளம், ஓடும். காடியின் இரண்டு ஓரத்திலும் தகடு, தகட்டில் கரண்ட். காரின் மூக்குக்கு அடியில் இருக்கும் முள் காடிக்குள் இறங்கிக்கொள்ளும். நம் கையில் ஒரு விசை. அழுத்தினால் ஓடும், விட்டால் நிற்கும். அழுத்த யாருக்கும் தெரியும். வளைவில் எப்போது விடுவது என்பதில்தான் விஷயமே இருக்கிறது. விடத் தெரியாதவன் கார் காடியை விட்டு எழும்பி யார் மடியிலாவது போய் உட்காரும்.

பிளாஸ்டிக் சாலை ஒரே கோடையில் மாடி வெயிலுக்கு நெளிந்து போனது. பலகையில் பெரிதாகவே செய்துகொள்ளலாம் என்று ஜாபர் அரும்பாவூரிலிருந்து ஒரு ஆசாரியைக் கூட்டி வந்தான். அவர் எங்களை ஒரு வார்த்தை கேட்கவில்லை. சொன்ன வளைவைச் சொன்னபடி செதுக்கிக் கொடுத்தார். தகடு ஒட்டி, லாரி பேட்டரியில் இணைத்து, இரண்டு கார்களையும் விட்டோம். நானும் ஜாபரும் தோளோடு தோள் இடித்துக்கொண்டு கத்திக் கூப்பாடு போட்டோம். ஆசாரி காதில் பென்சிலோடு நின்று கார்கள் சுற்றிச் சுற்றி வருவதையே கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு கேட்டார்:

"ஏந்தம்பி, கெளம்புன எடத்துக்கே திரும்பி வர்றதுக்கு எதுக்கு இம்புட்டு அவசரம்?"

ஓட்டியவனுக்கு டீ

அரியலூர் சிமெண்ட் ஆலையில் வேலை பார்த்த ராஜமாணிக்கம், ரேடியோ வாங்கிப்போக வந்தவர் மாடியில் சத்தம் கேட்டு ஏறிப் பார்த்தார். அடுத்த மாதமே அரியலூரில் ஒரு பலகை தயார். லப்பைக்குடிக்காட்டுப் பையன்கள் மூன்றாவதாக ஒன்று செய்தார்கள். மூன்று ஊர், மூன்று கிளப், மாதம் ஒரு ஊரில் பந்தயம் என்று பேசி முடித்த நேரத்தில் ஜாபருக்குச் சவூதியில் தம்மாம் போக விசா வந்துவிட்டது. அவன் மாடிக்கு வந்து தன் சிவப்புக் காரை என் கையில் வைத்தான். டயர் அவனே ரப்பர் செருப்பை வெட்டி, உப்புத்தாளில் தேய்த்துச் செய்தது. "நான் போனா என்னடா, காரு இங்கதான இருக்கு. ஓட்டு" என்றான்.

அங்கே பிறந்ததுதான் பதிலாள் பந்தயம். சொந்தக்காரன் தன் காரைத் தொடக் கூடாது. கார்களை டின்னில் போட்டுப் பந்தயம் நடக்கும் ஊருக்கு அனுப்பிவிட வேண்டியது; யார் காரை யார் ஓட்டுவது என்று சீட்டுக் குலுக்கிப் போடுவோம். ஜெயித்தால் புள்ளி காரின் சொந்தக்காரருக்கு, ஓட்டியவனுக்கு ஒரு டீ. ஒருத்தன் மட்டும் இல்லாதவனாக இருந்தால் மனசுக்குக் கஷ்டமாக இருக்கும் என்று, ஒரு சட்டத்தைப் போட்டு எல்லோருமே இல்லாதவர்களாகிவிட்டோம். வருஷக் கடைசியில் அதிகப் புள்ளி எடுத்தவருக்குப் பரிசு ஒரு எவர்சில்வர் கூஜா. கோப்பை வாங்கக் கிளம்பிப்போய்க் கூஜாவோடு திரும்பினோம், அதைக் கேட்காதீர்கள். ஜெயித்தவர் பேரைப் பாத்திரக்கடையில் கொடுத்து அதில் வெட்டித் தருவதாக ஏற்பாடு. பஸ் ஏறும்போது ஜாபர் சன்னல் வழியாக என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னான்:

"ஒரே ஒரு தடவ அந்தக் கூஜாவுல எம்பேர வெட்டிரு மாப்ளே. அதுக்கப்புறம் லீவுல வரப்ப நீயும் நானும் பக்கத்துல நின்னு ஒரு ரேஸ் ஓட்டணும். வேற ஒண்ணும் கேக்கல."

அரியலூர்த் தூசி

அவன் கேட்டது இரண்டுதான். அதில் பேர் வெட்டுவதையாவது நடத்திக் கொடுத்துவிடலாம் என்று நான் சபதம் எடுத்துக்கொண்டேன். அரியலூரில் காலை வைத்ததும் சபதம் வழுக்கியது. சுண்ணாம்புக்கல் லாரிகள் போகிற தெருவில் ராஜமாணிக்கத்தின் வீடு. பலகையைத் துடைத்துவிட்டுத் திரும்புவதற்குள் வெள்ளையாக ஒரு படலம் படிந்திருக்கும். ஜாபரின் கார் முதல் வளைவிலேயே வாலை ஆட்டி, இரண்டாவது வளைவில் குப்புற விழுந்தது.

ராஜமாணிக்கம் தரையில் மண்டி போட்டு, பழைய புடவைத் துணியை நனைத்துப் பிழிந்து, காடியின் ஓரங்களை அவ்வளவு பொறுமையாகத் துடைத்தார். ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு தடவை. உள்ளிருந்து காபி கொண்டுவந்த அவர் சம்சாரம் வாசற்படியிலேயே நின்றுவிட்டார். பிறகு எங்கள் எல்லோரையும் பார்த்துச் சொன்னார்:

"கல்யாணமாகி இத்தன வருசத்துல இவரு குனிஞ்சு நான் பாத்ததில்லீங்க. நீங்க மாசாமாசம் வாங்க, பலகைய மட்டும் கூடத்துக்கு மாத்திருங்க."

உடையார்பாளையம் போன டின்

கார்கள் போய்வந்தது பிஸ்கட் டின்னில். நாங்கள் போவதற்கு முதல் நாளே அரியலூர் பஸ் கண்டக்டரிடம் கொடுத்தால் அங்கே ராஜமாணிக்கம் வந்து வாங்கிக்கொள்வார். ஒரு தடவை வழக்கமான கண்டக்டர் லீவு. புதியவர் மறந்துவிட்டார். டின் அரியலூரைத் தாண்டிப் போய்விட்டது. பஞ்சு சுற்றிய ஆறு கார்கள், அதில் ஒன்று ஜாபருடையது. மற்ற ஐந்து பேரும் இன்னொரு கார் செய்துகொள்வார்கள். அவன் தம்மாமில் உட்கார்ந்து செருப்பை வெட்டிக்கொண்டிருக்க முடியுமா? கடையை மூடிவிட்டுக் கிளம்பினேன். ஒவ்வொரு நிறுத்தத்திலும் இறங்கி விசாரித்தபடி உடையார்பாளையம் வரை போனேன்.

பஸ் நிற்கிற இடத்தில் ஒரு டீக்கடை. கண்டக்டர் இறக்கிவிட்டுப் போனதைக் கடைக்காரர் முந்திரிக்கொட்டை மூட்டைகளுக்கு நடுவில் பத்திரமாக வைத்திருந்து எடுத்து வந்தார். கொடுக்கவில்லை, மார்போடு வைத்துக்கொண்டு என்னை மேலும் கீழும் பார்த்தார். எனக்கு அப்போதே மீசை நரைக்க ஆரம்பித்திருந்தது.

"தெறந்து பாத்தேங்க. பாவம், யாரு வூட்டுப் புள்ளயோ தொலைச்சிட்டு அழுதுகிட்டு கெடக்குமேன்னு எடுத்து வச்சேன். அந்தப் புள்ள நீங்கதானா?"

கேசட்

கடிதத்தில் எழுதினால் ஜாபருக்குத் திருப்தியில்லை. கார் எப்படி ஓடுது, எழுத்துல தெரியல என்று கேட்டுக்கொண்டே இருந்தான். லப்பைக்குடிக்காட்டில் பல வீடுகளில் கடிதத்துக்குப் பதில் கேசட்டில் பேசி அனுப்புகிற வழக்கம் வந்திருந்தது. கடையில் டேப் ரெக்கார்டருக்குப் பஞ்சமா என்ன? பலகைக்குப் பக்கத்திலேயே ஒன்றை வைத்து முழுப் பந்தயத்தையும் பிடித்தேன். திரும்பப் போட்டுக் கேட்டால் வயிற்றெரிச்சல். கார் சத்தம் வண்டு மாதிரி எங்கேயோ கேட்கிறது; அதற்கு மேல் சன்னல் வழியாகக் கண்டக்டர் "அரியலூர் அரியலூர், சீட்டு இருக்கு, ஏறு ஏறு" என்று கத்துகிறார், டீக்கடையில் கிளாஸ் உருள்கிறது, வெள்ளரிப் பிஞ்சு விற்கிற அம்மா யாரையோ வைகிறாள். கடைசியில் மன்னிப்புக் கேட்டு இரண்டு வார்த்தை பேசி அனுப்பிவைத்தேன்.

ஊருக்கு வந்த ஆள் ஒருவர் கையில் பதில் கேசட் வந்தது. கடையில் கூட்டம் போகட்டும் என்று காத்திருந்து போட்டேன். சலாம் சொன்னான், எல்லோரையும் விசாரித்தான். அப்புறம் கொஞ்ச நேரம் டேப் வெறுமனே ஓடியது. கெட்டுப்போய்விட்டதோ என்று நான் கையை நீட்டியபோது அவன் குரல் திரும்ப வந்தது:

"அடுத்த தடவ டேப்ப காருகிட்ட வைக்காத மாப்ளே. சன்னல்கிட்ட வை."

உம்மாவின் சந்தேகம்

லப்பைக்குடிக்காட்டுப் பந்தயம் ஜாபரின் அண்ணன் வெங்காயக் குடோனில் நடக்கும். சின்ன வெங்காய மூட்டைகளைச் சுவரோரம் தள்ளிவிட்டுப் பலகையைப் போட்டால், ஜெயித்தவனும் கண்ணைத் துடைப்பான், தோற்றவனும் கண்ணைத் துடைப்பான். அன்று ஜாபரின் கார் என் கையில் விழுந்தது. நன்றாகவே ஓட்டினேன். முதலாவதாக வந்தது. அவனுக்கும் எனக்கும் புள்ளி சமம் என்ற நிலை.

பந்தயம் முடிந்ததும் எல்லோருக்கும் தேங்காய்ச்சோறு. ஜாபரின் உம்மா என்னை மட்டும் கதவுப் பக்கம் கூப்பிட்டார். என் புள்ள காரா ஜெயிச்சுது என்று கேட்டார். ஆமாம்மா என்றேன். எங்கேயோ இருக்கிற மகன் இங்கே எப்படி ஜெயித்தான் என்பதை நான் விளக்க ஆரம்பித்தேன். புள்ளி, சட்டம், பதிலாள் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். பெரிய அதிகாரி முன்னால் மனு கொடுக்கிறவர் மாதிரி குரலைத் தாழ்த்திக்கொண்டார்:

"இதச் சொன்னா அவனுக்கு லீவு குடுப்பாங்களா தம்பி?"

சிவப்புக் காரும் நீலக் காரும்

அந்த வருஷக் கடைசிப் பந்தயம் பெரம்பலூரில். அதற்கு லீவு கிடைத்து ஜாபர் வந்தேவிட்டான். மாடிப்படி ஏறி வந்தான். கொஞ்சம் கறுத்திருந்தான். பலகையைத் தொட்டுப் பார்த்தான், சன்னலைத் திறந்து பஸ் ஸ்டாண்டைப் பார்த்தான், டீ வேண்டாம் என்றான், பிறகு இரண்டு டீ குடித்தான். கடைசி ஓட்டத்துக்கு நின்றது இரண்டே கார்கள்: அவனுடைய சிவப்பு, என்னுடைய நீலம். "இன்னிக்கு ஒரு நாளைக்குச் சட்டத்தத் தள்ளி வைப்போம், அவரு காரு அவரே ஓட்டட்டும்" என்றார் ராஜமாணிக்கம். நானும் தலையாட்டினேன். ஜாபர்தான் ஒத்துக்கொள்ளவில்லை. எல்லாரும் அனுசரிச்ச சட்டம், எனக்கு மட்டும் எதுக்கு மாத்தணும் என்றான். ஆக, என் நீலக் கார் அவன் கையில், அவன் சிவப்புக் கார் என் கையில்.

இதில் இருக்கிற சிக்கலை நீங்கள் கவனித்திருப்பீர்கள். நான் ஜெயித்தால் கூஜாவில் அவன் பேர். அவன் ஜெயித்தால் என் பேர். அவன் ஆசைப்பட்டது கிடைக்க, அவன் செய்ய வேண்டியதெல்லாம் வளைவில் விரலைக் கொஞ்சம் சீக்கிரம் தூக்குவதுதான். வந்திருந்த அத்தனை பேரும் அவன் தூக்குவான் என்றுதான் சிரித்துக்கொண்டு நின்றார்கள். நானோ என் காரைத் தோற்கடிக்க உயிரைக் கொடுத்து ஓட்டினேன். தோளோடு தோள் இடித்தது. பக்கத்தில் அவன் மூச்சு விடுகிற சத்தம் கேட்டது. இவ்வளவு நாளும் எனக்கு என்ன குறைந்திருந்தது என்று அப்போதுதான் தெரிந்தது. மூன்று கிளப், டின், கேசட் எல்லாம் இவன் இப்படிப் பக்கத்தில் நிற்பதற்குப் பதிலாக நான் பிடித்து வைத்திருந்தவை.

ஜாபர் விரலைத் தூக்கவில்லை. நீலக் கார் ஒரு கார் நீளத்துக்கு முந்திக்கொண்டு வந்து நின்றது. கூட்டம் பாதி மனசாகக் கை தட்டியது. எனக்கு ஆத்திரம். "ஏண்டா, கொஞ்சம் விட்டிருந்தா உம் பேருடா! ரெண்டு வருசமா இதுக்குத்தானடா நான் அலைஞ்சேன்" என்று சட்டையைப் பிடித்தேன். அவன் விசையைக் கீழே வைக்காமல் அப்படியே பிடித்துக்கொண்டிருந்தான். அழுத்தி அழுத்திச் சிவந்திருந்த விரலைக் காட்டினான்.

"அங்க எனக்கு எல்லாமே பதிலாள்தான் மாப்ளே. வூடு கட்டுனா அண்ணன் நிக்கிறாரு, தங்கச்சி கல்யாணத்துக்கு மாமா நின்னாரு, எங்காரயும் நீ ஓட்டுற. கூஜாவுல எம்பேரு இருந்தா அது இங்கயேதான் இருக்கும். உன்கூட நின்னு ஓட்டுனது இந்த வெரல்லயே தம்மாமுக்கு வந்துரும்."

மறு வாரம் அவனைத் திருச்சி பஸ்ஸில் ஏற்றிவிட்டு வந்து, அன்றே பாத்திரக்கடையில் என் பேர் வெட்டின கூஜாவை வாங்கிக்கொண்டேன்.

அந்தச் சில வருஷம் பதிலாள் பந்தயம் நடத்திய அனுபவத்தில் சொல்கிறேன்: காரை ஓட்டிக் கொடுக்க எத்தனை பேர் வேண்டுமானாலும் கிடைப்பார்கள், ஏங்குகிற வேலைக்கு மட்டும் ஒரு பதிலாளும் சிக்க மாட்டான்.