மேலூரோடு முடிந்த வழியனுப்பு

அன்று என் வேனில் மொத்தம் பன்னிரண்டு பேர். வளைகுடாவில் நர்ஸ் வேலை பார்க்கும் பெண், அவளுடைய கணவர், நாலு வயது மகள், மிஷன் பள்ளியில் கிளார்க்காக இருந்து ஓய்வுபெற்ற அப்பா, அம்மா, தங்கை, சித்தப்பா, கணவரின் அண்ணன், அந்த அண்ணனின் மனைவி, பக்கத்து வீட்டு டீச்சர், சர்ச் உபதேசியார், அப்புறம் ஓட்டுநராகிய நான். விமானம் ஏறுகிறவள் ஒருத்திதான். மற்றவர்கள் வழியனுப்ப வந்தவர்கள்.

எங்கள் பக்கம் இதுதான் வழக்கம். அதை நம்பித்தான் கடன் வாங்கி இந்த வேனை எடுத்தேன். எட்டாம் வகுப்போடு நின்றவன் நான். பேப்பரில் போட்டால் அப்படியே நம்பிவிடுவேன். மதுரை ஏர்போர்ட்டில் ஓடுதளத்தை நீட்டப் போகிறார்கள், ராத்திரியிலும் விமானம் இறங்கும், இன்னும் நாலு ஊருக்கு நேராகப் போகலாம் என்று படிக்கும்போது தவணையைக் கட்டிவிடலாம் என்று தெம்பு வரும். பிறகு ஏதோ ஒரு விமானத்தை நிறுத்திவிட்டதாக வேன் ஸ்டாண்டில் பேசிக்கொள்வார்கள். அன்றைக்குச் சோறு இறங்காது.

பரவையில் ஜெபம் முடித்துக் கிளம்பி, காளவாசல் சிக்னலில் நிற்கும்போது அந்தப் பெண்ணின் செல்போனுக்குச் செய்தி வந்தது. மதுரை விமானம் ரத்து. அதற்குப் பதிலாகத் திருச்சியிலிருந்து சாயங்கால விமானத்தில் இடம் போட்டிருந்தார்கள். அவள் மறுநாள் காலையில் வேலையில் சேர்ந்தாக வேண்டும். மகளுக்குக் காய்ச்சல் என்று ஏற்கெனவே ஒரு முறை லீவை நீட்டியிருந்தாள். இனி ஒரு நாள் தவறினாலும் வேலை இல்லை என்று அங்கே எழுதியே கொடுத்துவிட்டார்களாம்.

நான் சிக்னல் விழுவதற்குள் மனசுக்குள் கணக்குப் போட்டேன். நாலு மணி பத்து நிமிஷத்துக்குக் கவுண்ட்டரை மூடிவிடுவார்கள். என் வண்டியோ எண்பது கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டாதபடி பூட்டு வைத்த வண்டி. ஊருக்குள் புகுந்து வெளியேறவே முக்கால் மணி நேரம் போனது. மாட்டுத்தாவணி வந்ததும் தயங்கித் தயங்கிச் சொன்னேன்.

"சார், பாதிப் பேரு இங்கன இறங்கி பஸ் பிடிச்சிட்டா வண்டி லேசாகும்."

அப்பா பதில் சொல்வதற்குள் சித்தப்பா முந்திக்கொண்டார். "வழியனுப்ப வந்துட்டுப் பாதியில இறங்குறதா? வேணும்னா நீ இறங்கு மாப்ள, நான் ஓட்டுறேன்."

எல்லோரும் சிரித்தார்கள். நான் ஆக்ஸிலேட்டரை மிதித்தேன்.

மேலூர் தாண்டியதும் குழந்தை வாந்தி எடுத்தாள். ஒரு டீக்கடை ஓரம் நிறுத்தினேன். வாயைக் கழுவிவிட்டு மடியில் போட்டதும் தூங்கிவிட்டாள். மணியைப் பார்த்தேன். இனி எப்படி ஓட்டினாலும் கவுண்ட்டர் மூடும் நேரத்துக்குத்தான் போய்ச் சேருவோம். ரோட்டில் ஒரு லாரி குறுக்கே நின்றால் அதுவும் கிடையாது. கடை முன்னால் திருச்சி கார் ஒன்று நின்றது. மதுரையில் ஆளை இறக்கிவிட்டுக் காலியாகத் திரும்புவதாக அதன் டிரைவர் சொன்னார். வாடகையை நானே பேசி முடித்தேன். அப்புறம்தான் அந்தப் பெண்ணிடம் போனேன்.

"நீயும் உன் வீட்டுக்காரரும் இந்தக் கார்ல போங்கம்மா. என் வண்டியை நம்பாதீங்க."

அம்மா தானும் வருவேன் என்று அழுதார். அப்பா பெட்டியைத் தானே தூக்கிக் காரில் வைத்தார். உபதேசியார் ஜெபத்தை ஆரம்பித்தார்; அவள் நடந்துகொண்டே ஆமென் சொன்னாள். குழந்தையை எழுப்பவா என்று தங்கை கேட்டதற்கு வேண்டாம் என்று தலையாட்டினாள்.

"பாப்பா எந்திரிச்சா, அம்மா டூட்டிக்குப் போயிருக்குன்னு மட்டும் சொல்லு."

கார் போய்விட்டது. இரண்டு நிமிஷத்துக்குள் எல்லாம் முடிந்தது. யாரும் வேனில் ஏறவில்லை. ரோட்டையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். சித்தப்பாதான் டீ சொன்னார்.

"எம்புட்டு வருசமா ஏர்போர்ட் கண்ணாடிக்கு வெளிய நின்னு கையாட்டிருக்கோம். இங்கன டீயாச்சும் கிடைக்குது" என்றார்.

அழுதுகொண்டிருந்த அம்மாகூடச் சிரித்தார். ஏர்போர்ட் வரைக்கும் போகாமலே வழியனுப்பிவிடலாம் என்று இவர்களுக்குத் தெரிந்துவிட்டது. இன்றைக்கு இவர்கள், நாளைக்கு இன்னொரு வீடு. ஒருத்தியைக் கொண்டுவிட ஒரு கார் போதும். பன்னிரண்டு பேர் வேனுக்கு என்ன வேலை? எனக்கு வந்த டீயில் ஆடை படிந்தது, குடிக்கவில்லை.

போன் வரட்டும் என்று அங்கேயே காத்திருந்தோம். நாலு மணிக்கு ஐந்து நிமிஷம் இருக்கும்போது கணவர் போன் செய்தார். உள்ளே போய்விட்டாள். டீச்சர் ஸ்தோத்திரம் என்றார், எல்லோரும் திருப்பிச் சொன்னார்கள். எனக்கும் கண்ணில் தண்ணீர் வந்தது. அவளுக்காகத்தான் வந்தது, எனக்காகவும் கொஞ்சம் இருக்கலாம்.

திரும்பும் வழியில் அப்பா எனக்குப் பின்சீட்டில் உட்கார்ந்து மெதுவாகச் சொன்னார். "தம்பி, அடுத்த தடவை திருச்சிக்கே டிக்கெட் போட்டுருவோம். இந்தப் பதற்றம் நமக்கு ஆகாது. பஸ்லயே போயிக்கிருவா."

சரி சார் என்றேன்.

பரவையில் இறங்கியதும், கார் வாடகைக்கே கையிலிருந்தது போய்விட்டது என்றும், வேன் வாடகை மீதியை மகள் அடுத்த லீவுக்கு வரும்போது சேர்த்துக் கொடுத்துவிடுகிறோம் என்றும் அவர் சொன்னார். பொய் சொல்கிற மனிதர் இல்லை. அவள் எந்த ஊரில் வந்து இறங்குவாள் என்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. அட்வான்ஸ் போக இன்னும் வர வேண்டியது இரண்டாயிரத்து இருநூறு ரூபாய்.